நாலாய் மடித்த தட்டம்

நெஞ்சின் மேல் கிடந்த தட்டத்தை, தலையில் போடும் அந்தத் துணியை, ஸ்வர்ணலதா எடுத்தபோது ஜலீலாவுக்குத் திக்கென்றது. இத்தனை நாளும் கதிர்வீச்சு மேசையில் அதை நாலாய் மடித்துப் போர்த்திவிட்டவளே அந்த நர்ஸம்மாதான். மார்பை எடுத்த தழும்பை வெளியறையின் காமிராத் திரையில் ஆண்களும் பார்ப்பார்களே என்று ஜலீலா அழுததில் அவளுக்கு மனசு இளகிவிட்டது. இப்போது தழும்பைச் சுற்றித் தோல் சிவந்து காந்துகிறது. டாக்டர் அவர்கள் இருவரையும் திட்டித் தீர்த்துவிட்டார்.

"வெறுந்தோலா இருந்தா கதிர் உள்ளே போய்தான் வேலை செய்யும், இத்தா. கனமா மூடினா தோலிலேயே அது தொடங்கிரும். எனக்கும் அப்ப புத்தியில படலை. இனி ஒண்ணும் வேண்டாம்னு சார் சொல்லிட்டாரு" என்றாள் ஸ்வர்ணலதா.

மூடினால் எப்படிக் காந்தும்? மட்டாஞ்சேரி வெயிலுக்கு மூடிக்கொண்டுதானே கடைத்தெருவுக்குப் போகிறோம்? சட்டியை மூடினால் சோறு சீக்கிரம் வேகவில்லையா, அதுபோலத்தான் என்று வெளியே புருஷன் மொய்து விளக்கியதில் பாதி தெளிந்தது. ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் இவர்களே ரப்பர் மாதிரி வழவழவென்று ஒரு பட்டையை அதே இடத்தில் வைக்கிறார்களே! நோய் தோல்வரை வந்திருந்ததால் தோலுக்கும் கொஞ்சம் கதிர் வேண்டும், பட்டை அதற்காக அளந்து வைப்பது, தட்டம் அந்தக் கணக்கில் இல்லை என்று திட்டும்போதே டாக்டர் சொல்லியிருந்தார். தோல் வெடித்தால் சிகிச்சையை நிறுத்த வேண்டிவரும், அந்த இடைவெளி நல்லதில்லை என்றும் சொன்னார்.

ஜலீலா அப்போது தலையாட்டினாள். ஒன்றும் விளங்கவில்லை. தட்டம் கெடுத்ததா, இல்லை கூடுதலாகக் கொஞ்சம் நோயைக் கொன்றுவைத்ததா? மானத்தைக் காத்தது உடம்பைச் சுடுமா? கேட்கவும் பயமாக இருந்தது, கேட்காமல் இருக்கவும் பயமாக இருந்தது.

இன்று பட்டை இல்லாத நாள்.

"இப்படிப் படுக்க முடியலேன்னா சொல்லுங்க, சார்கிட்ட பேசறேன்" என்றாள் ஸ்வர்ணலதா.

"பேசி என்ன ஆகப்போகுது? நீ போம்மா."

கைகளைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். அசையக் கூடாது. கனத்த கதவு மெல்ல நகர்ந்து மூடிக்கொண்டது. கூரை மூலையில் காமிராவின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. தான் கண்ணை மூடினால் வெளியறையில் இருப்பவர்களுக்கும் தழும்பு மறைந்துவிடும் என்பதுபோல, இமைகளை இறுக்கி மூடினாள். நெஞ்சில் ஏ.சி. காற்று பட்டது.