தொண்டை மட்டும்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று எங்கள் பிளாக்கில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் தாமதமாகத்தான் வந்தது. அதுதான் இன்னும் மனதை அரிக்கிறது.

எங்கள் கல்லூரி மாணவர்களே சேர்ந்து நடத்திய விழா அது. பாட்டு கிடையாது, மெட்டு கிடையாது. இரும்பைத் தேய்க்கிற சத்தம், ரேடியோ கரகரப்பு, குழாய் சொட்டுகிற சத்தம், இவற்றையெல்லாம் வெட்டி ஒட்டி ஸ்பீக்கரில் கேட்க வைப்பார்கள். பெயரே 'இரைச்சல்'. இடம், ராயபுரத்தில் துறைமுகச் சுவரை ஒட்டிய ஒரு பழைய குடோன். அடையாறில் நடத்தினால் வெறும் விழாவாம், ராயபுரத்தில் நடத்தினால் அதற்கு ஒரு கெத்து வந்துவிடுமாம். நான் வியாசர்பாடி ஹவுசிங் போர்டுக்காரி என்பதால் 'லோக்கல் ஒருங்கிணைப்பாளர் மதி' என்று கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டார்கள். வேலை என்ன தெரியுமா? மேசை தூக்குவது, ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுவது, யார் வீட்டுக்குள்ளாவது மைக்கோடு நுழைய வேண்டுமென்றால் முன்னால் போய்ச் சிரிப்பது.

மகிழினிக்காகவும் அப்படித்தான் முன்னால் போனேன். அவள் என் வகுப்பு, வீடு அண்ணா நகர். கெட்டவள் இல்லை. பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் பெட்டிகளைக் கோக்கிற சத்தம் எங்கள் மொட்டை மாடியில் துல்லியமாகக் கேட்கும். அதைப் பதிவு செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அன்றைக்குத்தான் கீழ்த்தளத்தில் அறிவின் படத்திறப்பு.

அறிவுக்கு இருபத்தாறு வயது. எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. அவனை வளர்த்தது அவன் அக்கா ரமாபாய். எனக்கும் அவர் ரமாக்காதான். லீவு நாளில் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் நீலமேகம் கூப்பிட்டான். அறிவின் போனில் சார்ஜ் இல்லை, அக்காவின் போனுக்குத்தான் அழைப்பு வந்தது. எடுத்ததும் அக்காதான். கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டது, உடனே அனுப்பு என்றான். முகமூடி இல்லாமல், கயிறு இல்லாமல் தொட்டிக்குள் இறக்கிவிட்டார்கள். சாயங்காலம் பிணமாகத்தான் எடுத்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில் 'கால் இடறித் தொட்டியில் விழுந்தார்' என்று எழுதிக்கொண்டார்கள். அக்கா ஏழு முறை அங்கே போய் நின்றார். ஏழு முறையும், சத்தம் போடாமல் போம்மா என்று அனுப்பிவிட்டார்கள்.

படத்துக்கு மாலை போட்ட கையோடு அக்கா ஒப்பாரி எடுத்தார். நானும் மகிழினியும் மாடியிலிருந்து இறங்கி வந்தோம். மகிழினி கையில் ரெக்கார்டர். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, அவளைப் பின்னால் தள்ளினேன். அதற்குள் அக்கா பார்த்துவிட்டார்.

"அது இன்னா மிசினு மதி?"

"சத்தம் புடிக்கிற மிசினுக்கா. காலேஜ் விழால எல்லாருக்கும் போட்டுக் காட்டுவாங்க."

அக்கா மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டார். "அப்ப புடி. ஸ்டேசன்ல ஒர்த்தனும் காது குடுக்கல. நாலு படிச்சவங்க கேக்கட்டும்."

கேட்கட்டும் என்றுதான் கொடுத்தார். பிறகு எங்களுக்கு டீ போட்டும் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து, சனிக்கிழமை, விழா. மெட்ரோ ஸ்டேஷனில் துப்புரவு வேலை முடித்துவிட்டு நாலு மணிக்கு வருகிறேன் என்று அக்கா போன் செய்தார். பிளாக்கிலிருந்து இரண்டு பெண்களையும் அழைத்து வருவதாகச் சொன்னார். குரலில் அவ்வளவு தெம்பு. அதுவரை மகிழினியின் படைப்பை நான் கேட்கவில்லை. மேசை தூக்கிக்கொண்டிருந்தேன். மூன்றரைக்குத்தான் அந்த மூலைக்குப் போனேன்.

ஆறு தார் டிரம்களை இரும்புச் சங்கிலியில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஸ்பீக்கர் வைத்திருந்தாள். கீழே ஜமக்காளத்தில் முப்பது நாற்பது பேர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டிரம்மிலிருந்து, "ஏ... ஏஏ... ஆ..." என்று ஒரு குரல் வந்தது. இழுத்து இழுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக. நடுவில் அமைதி. மறுபடி, "ஏஏ..."

ஒப்பாரியில் ஒவ்வொரு வரியும் சொல்லில் தொடங்கி இழுவையில் முடியும். இவள் இழுவையை வைத்துக்கொண்டு சொல்லையெல்லாம் வெட்டி எறிந்திருந்தாள். நீலமேகம் இல்லை. தொட்டி இல்லை. அறிவே இல்லை. பக்கத்தில் ஓர் அட்டை: 'பெயரற்ற பெண், வடசென்னை.'

பெயரற்ற பெண்ணாம்! டீ குடித்த டம்ளரின் சூடு கூட ஆறியிருக்காது, அதற்குள் பெயர் போய்விட்டதா? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மகிழினியைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன்.

"வார்த்தையெல்லாம் எங்கடி?"

"வார்த்தை இருந்தா கேக்கறவங்க அர்த்தத்துல மாட்டிக்குவாங்க மதி. நான் தொண்டையை மட்டும் எடுத்துக்கிட்டேன். அது எவ்ளோ ப்யூரா இருக்கு பாரு."

"அவங்க அர்த்தத்துல மாட்டணும்னுதான் அந்தக்கா குடுத்தாங்க. முழுசா இருக்கறதப் போடு. நாலு மணிக்கு அவங்க வராங்க."

"அது வீட்ல ஹார்ட் டிஸ்க்ல இருக்கு." கொஞ்சம் தயங்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அதுவும் இல்லாம, அதுல ஒரு ஆளோட பேர் வருது. கேஸ் போட்டா யார் பதில் சொல்றது? கமிட்டியே வேணாம்னு சொல்லிடுச்சு."

கமிட்டியில் நானும் இருக்கிறேன். அட்டை என் கழுத்தில்தான் தொங்குகிறது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிழித்திருப்பேன் என்று இப்போது சொல்வது சுலபம். முன்கூட்டியே போய்க் கேட்காதது என் தப்பு. தொண்டைக்குக் கேஸ் வராது, சொல்லுக்குத்தான் வரும் என்பது இவர்கள் எல்லோருக்கும் நன்றாகப் புரிந்திருக்கிறது. தூய்மை, மண்ணாங்கட்டி!

அக்கா சரியாக நாலு மணிக்கு வந்துவிட்டார். தலைவாரி, நீலப் புடவை கட்டி, கூட இரண்டு பேரோடு. வாசலிலேயே தடுத்துவிடலாம் என்று ஓடினேன். அதற்குள் அவரே நேராக டிரம்களுக்கு நடுவில் போய் நின்றார்.

"யாரு மதி இது? இன்னாத்துக்கு இப்டி கத்திகினு கீது?"

இன்னொரு இழுவை வந்தது. அக்காவின் முகம் மாறியது. நெற்றியைச் சுருக்கி, ஒவ்வொரு டிரம்மாகப் பார்த்தார்.

"இது நானு," என்றார். பிறகு, "பேச்சு எங்க?"

"வெட்டிட்டாங்கக்கா."

எட்டு நிமிடச் சுற்று அது. முடியும்வரை அக்கா அசையாமல் கேட்டார். சவுண்ட் சிஸ்டம் பார்க்க வந்திருந்த மொஹ்சின், ராயபுரத்து மைக்செட் கடைக்காரர், என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். மிக்சரில் கையை வைத்து, "நிறுத்தட்டாம்மா?" என்றார்.

"நிறுத்தாத பாய்," என்றார் அக்கா. "ஓடட்டும்."

இரண்டாவது சுற்று தொடங்கியது. டிரம்மில் அமைதி வந்த இடத்தில் அக்கா பேசினார். அழவில்லை. ஸ்டேஷனில் ஏழு முறை சொன்ன அதே குரலாகத்தான் இருக்க வேண்டும்.

"சோத்துல கை வச்சவன எய்ப்பி இட்டுகினு போனியே, நீலமேகம்."

டிரம், "ஏஏ..." என்றது.

"மூஞ்சிக்கு ஒரு மூடி குட்த்தியா, நீலமேகம்."

"ஏஏ..."

"இடுப்புக்கு ஒரு கவுறு கட்னியா, நீலமேகம். கால் இடறி வுயுந்தான்னு எய்த வச்சியே, நீலமேகம்."

எந்த இழுவைக்கு முன்னால் எந்தச் சொல் என்று அவருக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை. ஜமக்காளத்தில் இருந்தவர்கள் கண்ணைத் திறந்தார்கள். சிலர் போனைத் தூக்கினார்கள். சுற்று முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு பையன் எழுந்து நின்றே தட்டினான். நிகழ்ச்சியின் அடுத்த பகுதி இது என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்குத் தரையில் துப்ப வேண்டும் போல இருந்தது.

அக்கா அந்தப் பையனிடம் போனார்.

"இன்னாத்துக்கு நைனா கை தட்ன?"

"ரொம்ப பவர்ஃபுல்லா இருந்துச்சுக்கா."

"நான் யார் பேரச் சொன்னேன்?"

அவன் விழித்தான். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தான். அவளும் விழித்தாள்.

"தமிழ் தெரியும்ல?"

"தெரியும்க்கா."

"ஒரு பேர அத்தினி வாட்டி சொன்னேன். ஒனுக்கு வெறும் சத்தமா கேட்டுச்சா? நீலமேகம். சொல்லு."

"நீலமேகம்," என்றான் மெதுவாக.

அக்கா அடுத்த ஆளிடம் போனார். அதற்கு அடுத்த ஆளிடம். குடோனில் ஒருவரையும் விடவில்லை. ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து நின்று, சொன்ன பிறகுதான் நகர்ந்தார். மொஹ்சின் பாய் கேட்காமலே சொன்னார். நானும் சொன்னேன், உரக்க.

கடைசியாக மகிழினி. கையில் ரெக்கார்டர் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை.

"நீ சொல்லு கண்ணு."

"அக்கா, ஸாரிக்கா. பேர் சொன்னா அந்த ஆள் கேஸ் போட்டுருவான்க்கா."

ரமாக்கா அவள் தோளில் கை வைத்தார்.

"போடட்டும்மா. போட்டான்னா கோர்ட்ல என்னியும் கூப்புட சொல்லு. போன எடுத்தது நான்தான். இதுவரிக்கும் என்னிய எவனும் கூப்புடல."