எந்த நாலு மணி?

நாட்டு எல்லையில் இருக்கும் எங்கள் ஊரில் சாயங்காலம் நாலு மணி இரண்டு தடவை வரும். அந்தக் காலத்தில் இரண்டு நாட்டு ரயில்வேக்காரர்களும் ஆளுக்கொரு அகலத்தில் தண்டவாளம் போட்டு வைத்தார்கள். அவர்கள் வண்டி எங்கள் பாதையில் ஓடாது, எங்கள் வண்டி அவர்கள் பாதையில் ஓடாது. எல்லோரும் இங்கே இறங்கி மாறித்தான் ஆக வேண்டும். அப்படி இறங்கியவர்களுக்கு டீ போட வந்து தங்கியவர்கள்தான் இந்த ஊர். நிலையம் ஒன்று, எதிரெதிரே நடைமேடை இரண்டு, கடிகாரமும் இரண்டு. அவர்களுடையது அரை மணி முந்தி ஓடும். அதனால் யார் என்ன நேரம் சொன்னாலும், "எங்க மணியா, உங்க மணியா?" என்று கேட்காமல் நாங்கள் தலையாட்ட மாட்டோம்.

என் அக்கா அந்த நிலையத்தின் அறிவிப்பாளர். எல்லா நேரத்தையும் இரண்டு மணியிலும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறவள். அந்தப் பக்கத்து இன்ஜின் டிரைவர் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டதும் அவளுக்கே தலைகால் புரியவில்லை. ஞாயிறுதான் அவருக்கு இங்கே கடைசி நாள்; பதவி உயர்வு, அவர்கள் நாட்டின் மறுகோடிக்கு மாற்றல். "அன்னைக்கு நாலு மணிக்கு என் தங்கச்சி டீக்கடைக்கு வாங்க, பதில் சொல்றேன்" என்று என் கடையைச் சொன்னாளாம் இந்த மகராசி. எந்த நாலு என்று அவரும் கேட்கவில்லை. ஊருக்குப் புதுசு, பாவம்.

ஞாயிற்றுக்கிழமை சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு வந்து நின்றார். சர்க்கரை போட மறந்த டீயை ருசித்துக் குடித்தார். பிறகு, "நாலு அடிச்சிருச்சு. அவங்க வரல. பரவாயில்ல, புரியுது" என்று சொல்லிவிட்டு, பாலம் ஏறி இறங்கி இன்ஜினுக்குப் போய்விட்டார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எங்கள் கடிகாரத்தில் மணி மூன்றரை!

கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் குவார்ட்டர்ஸுக்கு ஓடினேன். அக்கா கண்ணாடி முன்னால் பாதிப் பின்னலோடு பாடிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டவள் சீப்பு தலையிலேயே இருக்க ஓடினாள். நிலையத்துக்குள் நுழையும்போதே வண்டி நகர்ந்துவிட்டது. அறிவிப்பு அறைக்குள் பாய்ந்து மைக்கைப் பிடித்தாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்து, மூச்சு வாங்கி, "பயணிகளுக்கு இல்ல. டிரைவருக்கு. எனக்குச் சம்மதம்" என்றாள்.

வண்டி கிறீச்சென்று நின்றது. ஜன்னலெல்லாம் தலை. டிரைவர் குதித்து, தண்டவாளத்தைத் தாண்டி ஓடி வந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன, அவ்வளவு சந்தோஷம்.

காரணமில்லாமல் வண்டியை நிறுத்தியதற்கு அடுத்த வாரமே அவர்கள் மேலிடத்துக் காகிதம் வந்தது. பதவி உயர்வு ரத்து, மாற்றலும் ரத்து. தண்டனையாக இரண்டு வருடம் இந்த எல்லைப் பாதையிலேயே ஓட்ட வேண்டும். அக்கா அதை வாங்கி வரி விடாமல் வாசித்தாள்.

"ரெண்டே வருஷம்தானா?" என்றாள் அவரிடம். "கூடுதலாக் கேட்டிருக்கக் கூடாதா?"