பிரஸ்ஸில் அமுக்கிய ஐந்து ரூபாய்

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்து உண்டாக்கவில்லை. பெங்களூரில் தொம்மலூர் போகும் பஸ்ஸில் பொறுக்கினேன். பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்பதால் வேடிக்கை பார்ப்பதைத் தவிர எனக்கு வேலை இல்லை. கண்டக்டர் அம்மாள் ஒரு ஐந்து ரூபாயைக் கண்ணருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மீதிக்காகக் கை நீட்டியிருந்தவர், "சில்லரெ கொடி மேடம். அதக்கெ மதுவெ மாட்தீரா?" என்றார். (சில்லறையைக் கொடுங்கள், அதற்கென்ன கல்யாணமா செய்யப்போகிறீர்கள் என்று.) பஸ்ஸே சிரித்தது. அவர் அந்த நாணயத்தைத் தன் பர்ஸில் போட்டுக்கொண்டு, பர்ஸிலிருந்தே வேறொன்றை எடுத்துக் கொடுத்தார்.

நான் பார்த்தது அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் புளுகு.

2.

பெயர் வேதநாயகி. வீடு ஸ்ரீராம்புரம். (பஸ்ஸில் இருந்தவரை 'அவர்', கதைக்குள் வந்ததும் 'அவள்'. எழுதுகிறவர்களின் மரியாதை இவ்வளவுதான்.) மின்டில் (அரசாங்க நாணயச் சாலையில்) தப்பாக அச்சடிக்கப்பட்ட நாணயம் ஒன்றாவது சில்லறையில் கிடைக்காதா என்று தேடுகிறவள்.

அச்சில் விரிசல் இருந்தால் நாணயத்தில் அந்த இடத்தில் கோடு மேலெழும்பி நிற்கும். பிற்பாடு பட்ட அடி உள்ளே இறங்கியிருக்கும். நகத்தை ஓட்டினாலே தெரியும்.* முதலாவதைச் சேகரிப்பவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். இரண்டாவது வெறும் ஐந்து ரூபாய்.

[இங்கே 'மனிதர்களும் அப்படித்தான்' என்று ஒரு வாக்கியம் வந்தது. அடித்துவிட்டேன். நாணயத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லோருக்கும் வரும் அரிப்பு அது.]

மாதம் ஒரு ஞாயிறு, தொம்மலூரில் ஒரு சின்ன ஹாலில் நாணயம் சேர்ப்பவர்கள் கூடுவார்கள். வேதநாயகி இரண்டு தடவை போனாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் ப்ரஹ்லாத் இரண்டு தடவையும் லென்ஸை இறக்கி வைத்துவிட்டு, "மேடம், இது மின்ட் தப்பு இல்ல. லாரி ஏறினது" என்றான். அதற்குள் அவளுக்கு அங்கே 'லாரி மேடம்' என்று பெயர். அடுத்த தடவையும் தப்பாகச் சொன்னால் அந்த ஹாலில் காலே வைக்கமாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். வேறு எதற்காகவும் அவள் இப்படிச் சபதம் செய்ததில்லை.

* எனக்குத் தெரியவில்லை. நகம் கடிக்கும் பழக்கம்.

3.

கணவர் சந்திரசேகரன், பீன்யாவில் ஒரு பட்டறையில் தகடு அமுக்கும் பிரஸ் ஓட்டுகிறவர். மனைவியின் வாடிய முகத்தைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் மஞ்சள் ஐந்து ரூபாயின் மேல் எஃகு ஒரு ரூபாயை வைத்து அமுக்கிவிட்டார். ஐந்தின் மேல் ஒன்று, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறிப் பதிந்தது. மறுநாள் காலை, "வேதா, சில்லறை கேட்டியே, இந்தா" என்று மற்றவற்றோடு கலந்து கொடுத்தார்.

'அதைக் கண்டதும் வேதநாயகி ஆனந்தத்தில் கண்கலங்கி, பேச்சு வராமல்,

இல்லை. இவள் கண்கலங்கமாட்டாள். தினமும் எத்தனை நாணயம் பார்க்கும் கண் அது! அந்த ஒன்று உள்ளே இறங்கியிருந்தது. அதைவிட மோசம், அமுக்கியதில் பிதுங்கிய ஓரம் அரம் போட்டு வழவழவென்று இருந்தது. ஏமாற்றுகிறவன் ஓரத்தைத் தொடமாட்டான், அரம் பட்ட இடமே காட்டிக்கொடுத்துவிடும். பிசிறு எடுக்காமல் ஒரு ஆணியைக்கூடக் கைவிட்டு அனுப்பாத ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் எதிரே உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார்.

"ஏங்க, இது எங்க கிடைச்சது?"

"டீக்கடைல. ஏன், விசேஷமா?"

"தெரியல. பாக்கணும்."

"தெரியலயா? ஒண்ணு திரும்பிக்கிட்டு இருக்கு பாரு! மின்ட்ல தூங்கிட்டானுங்க போல."

"இவ்ளோ கிட்டத்துல எப்பப் பாத்தீங்க?"

இட்லி விக்கியது. "சும்மா... கண்ணுல பட்டுது. ஞாயித்துக்கெழம நானும் வரேன். ஓவர்டைம் வேணாம்னு சொல்லிட்டேன். அந்த லாரிக்காரன் மூஞ்சிய நான் பாக்கணும்."

(அப்போதே போட்டு உடைத்திருக்கலாமே என்று வேதநாயகியைக் கேட்டேன். "நீங்களா இருந்தா சொல்லிடுவீங்களாக்கும்?" என்றாள். நான் அடுத்த பகுதிக்குப் போய்விட்டேன்.)

4.

ஞாயிறு. சந்திரசேகரன் இஸ்திரி போட்ட சட்டையில் மனைவிக்குப் பக்கத்தில். ப்ரஹ்லாத் நாணயத்தைப் பார்த்தான், ஓரத்தைத் தடவினான், லென்ஸை வேதநாயகியிடமே நீட்டினான்.

"இந்தத் தடவ நான் வாயே திறக்கல மேடம். நீங்களே சொல்லுங்க. மின்ட்டா, டேமேஜா?"

பத்துப் பன்னிரண்டு தலைகள் திரும்பின.

முடிவு அ: "மின்ட்" என்கிறாள். ஹால் சிரிக்கிறது. அவள் பிறகு அங்கே போகவில்லை. சந்திரசேகரன் பாவம், ஊர் முழுக்க ப்ரஹ்லாதைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

முடிவு ஆ: "டேமேஜ். பிரஸ்ல அமுக்கினது" என்கிறாள். முதல் தடவையாகக் கைதட்டுகிறார்கள். சந்திரசேகரனும் தட்டுகிறார், எல்லோரும் நிறுத்திய பிறகும். இருவரையும் பஸ் ஸ்டாப் வரை கொண்டுவந்தேன். அதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை.

முடிவு இ: "நீங்க சொல்லுங்க" என்று லென்ஸைக் கணவரிடம் கொடுக்கிறாள். (கொடுமை. அடித்துவிட்டேன். அடிப்பதற்குமுன் இரண்டு தடவை ரசித்துப் படித்தேன்.)

எனக்காக யாரும் இவ்வளவு மெனக்கெட்டு ஒரு பொய் செய்து தந்ததில்லை. அதனால் நான் சொல்லும் தீர்ப்பில் பொறாமை கலந்திருக்கும், நம்பாதீர்கள். லென்ஸை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு யோசனை: வாயைத் திறக்கும்போது சந்திரசேகரன் பக்கம் மட்டும் திரும்பாதீர்கள். நான் மூன்று தடவை திரும்பினேன். மூன்று தடவையும் 'மின்ட்' என்றுதான் வந்தது.