மாசி மகத்தில் வந்த வாலூரா

என் வீட்டுக்காரர் சிங்காரத்துக்கு சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் சர்வீஸ் கடை. செத்துப்போன போனைக்கூட எழுப்பி உட்கார வைத்துவிடுவார், அப்படி ஒரு கைராசி. ஆனால் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்ததும் அந்த மனுஷன் செய்கிற ஒரே வேலை, போனுக்குள் பூதம் பிடிப்பது.

விளையாட்டின் பெயர் குமோரா. கேமராவை எந்தப் பக்கம் காட்டினாலும், அங்கே இல்லாத ஜந்து ஒன்று திரையில் நிற்கும். எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் கொம்பு முளைத்த ஒன்று குந்தியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். விரலால் திரையைத் தள்ளினால் வலை பறக்கும். விழுந்தால் ஜந்து நம்முடையது. நான் கீழவீதித் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றே புடவை விரித்துப் போட்டுவிட்டு வருகிறவள். எனக்கு எரிச்சலாக வரும். "மாமா, பூதம் புடிக்கற நேரத்துல ரெண்டு கொசுவப் புடிச்சா வூட்டுக்கு உபயோகம்" என்பேன். சிரிப்பாரே தவிர, திரையை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்.

அவர் சேர்ப்பதெல்லாம் தண்ணீரில் வாழ்கிற ஜந்துக்கள் மட்டும்தான் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்தே உறைத்தது. ஞானப்பிரகாசர் குளத்தில் பிடிப்பார், வாய்க்காலில் பிடிப்பார், மழை பெய்தால் பஸ் ஸ்டாண்டில் தேங்குகிற குட்டையில்கூடப் பிடிப்பார். கடலில் மட்டும் வருகிறவற்றை மற்ற ஆட்களிடம் மாற்றி வாங்கிக்கொள்வார். கடலுக்கு அவர் போக மாட்டார்.

இத்தனைக்கும் அவர் பிறந்தது கடலூர் தேவனாம்பட்டினத்தில், மீன்பிடிக்கிற குடும்பத்தில். பத்தாவது படிக்கும்போது சுனாமி வந்தது. கரையில் மீன் பிரிக்கப் போன அவருடைய அம்மா திரும்பவில்லை. அன்றோடு சரி. கல்யாணம், காட்சி என்று கடலூருக்குப் போனாலும் மஞ்சக்குப்பத்தோடு திரும்பிவிடுவார். நானும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

அப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு ஜந்து பாக்கி இருந்தது. வாலூரா. குமோராவிலேயே பெரிய நீர்ப்பூதம். அதை யாரிடமும் மாற்றி வாங்க முடியாது. கடற்கரையில் பெருங்கூட்டம் கூடி ஒரே நேரத்தில் விளையாட்டைத் திறந்தால்தான் அது எழும்பும், பிடித்தவர் போனோடு போய்விடும். அவருடைய போனில் அதற்கான கட்டம் மட்டும் கறுப்பு நிழலாகக் கிடந்தது. சோறு தின்னும்போதுகூட அந்தக் கறுப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

மாசி பிறந்ததும் குமோரா ஆட்களின் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. போட்டவர் எழிலன், கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்ப்பவர், அந்தக் குரூப்புக்கு அவர்தான் தலைவர் மாதிரி. மாசி மகத்தன்று சாமிகள் குளிக்கிற நேரம் எல்லாரும் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு வாருங்கள், அவ்வளவு கூட்டம் வேறு எப்போது கூடும், வாலூரா கட்டாயம் வரும் என்று எழுதியிருந்தார். இவர் அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். பிறகு போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"நான் போயி புடிச்சாறேன்" என்றேன்.

"நீயா? ஒனக்கு வலை வீசத் தெரியுமா?"

"பொடவைய விரிச்சுப் போடறவளுக்கு வலைய விரிச்சுப் போடத் தெரியாதா? சொல்லிக்குடுங்க."

சொல்லிக்கொடுத்தார். விரலை எங்கே வைக்க வேண்டும், எப்போது எடுக்க வேண்டும், அது தலையைத் தூக்கும்போது வீச வேண்டும், இறக்கும்போது வீசினால் வீண். அவர் என் விரலைப் பிடித்துச் சொல்லித் தந்தபோது எனக்குள் ஒரு வைராக்கியமே வந்துவிட்டது. கடல் இவரிடமிருந்து எடுத்ததை ஒருநாளும் திருப்பித் தராது. போகட்டும், ஒரு பூதத்தையாவது அதனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து இவர் கையில் வைத்துவிட வேண்டும்.

மாசி மகத்தன்று காலையில் அவர் போனோடு பஸ் ஏறினேன். சில்வர் பீச்சில் கால் வைக்க இடமில்லை. எந்தெந்த ஊர்ச் சாமியெல்லாமோ டிராக்டரிலும் தோளிலும் குடை பிடித்து வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணியும் இறைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் பஞ்சு மிட்டாய். இதற்கு நடுவே போனைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு தனிக் கூட்டம், நடுவில் எழிலன். சிதம்பரத்திலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் வந்தவர்கள் கொஞ்சம் பேர், மிச்சமெல்லாம் கரையோரத்து மீனவ ஜனம்.

"மாலதி! நீ இன்னாம்மா இங்க?" என்று யாரோ என் தோளைத் தட்டினார்கள். என் வீட்டுக்காரரின் சின்னம்மா தைலம்மாள். மஞ்சக்குப்பத்தில் மீன் விற்பவர். அவர் கையிலும் குமோரா ஓடிக்கொண்டிருந்தது.

"அத்த, நீங்களுமா?"

"பின்ன? யாவாரம் இல்லாத நேரத்துல இன்னா பண்றது? அவன் வரலியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் என் கையைப் பிடித்துத் தண்ணீர்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

முதல் சாமியைத் தோளில் வைத்துக்கொண்டு ஆட்கள் அலைக்குள் இறங்கினார்கள். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. அப்போதுதான் என் கையிலிருந்த போன் முனகியது. என்னுடையது மட்டுமில்லை. தைலம்மாளுடையது, எழிலனுடையது, முன்னால் நின்றவர்கள், பின்னால் நின்றவர்கள், அந்தக் கரை நெடுகிலும் இருந்த அத்தனை போன்களும் ஒரே குரலில் முனகின. தனியாகக் கேட்டால் அது வெறும் கிழிந்த ஸ்பீக்கர் சத்தம். எல்லாம் சேர்ந்தபோது உள்ளங்காலில் மணல் அதிர்ந்தது. நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டார். குமோரா என்றால் என்னவென்றே தெரியாத ஜனமும் திரும்பிக் கடலைப் பார்த்தது. அவர்களுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் பார்த்தார்கள்.

நான் போனைக் கண்ணுக்கு நேராகத் தூக்கினேன்.

முதலில் கடல்தான் எழும்புகிறது என்று நினைத்தேன். அது முதுகு. எண்ணெய் ஊறிய கருவறைத் தரை மாதிரி கறுத்து, வழவழவென்று, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை போய்க்கொண்டே இருந்தது. அதன் மேலே அங்கங்கே குளங்கள். குளங்களுக்குள் மீன்கள் துள்ளின. விலாவின் இரண்டு பக்கமும் விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன, பட்டப்பகலில், தண்ணீருக்குள். முதுகிலிருந்து வழிந்த தண்ணீர் அருவியாக விழுந்தது. அந்த அருவிக்கு முன்னால் சாமி தூக்கியவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்கள், தங்களுக்குப் பின்னால் என்ன எழுந்திருக்கிறது என்று தெரியாமல்.

பிறகு அது தலையைத் தூக்கியது. தேர்ச் சக்கரம் அளவுக்கு ஒற்றைக் கண். அந்தக் கண் மெதுவாகக் கரை முழுவதையும் ஒருமுறை பார்த்தது. எவனோ ஒருவன் எங்கோ ஒரு ஆபீசில் உட்கார்ந்து வரைந்த படம், எனக்குத் தெரியாதா? தெரிந்தும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அம்மாடி என்று வாய்விட்டே சொன்னேன்.

"வீசுங்க! தல தூக்கிடுச்சு, வலைய வீசுங்க!" என்று எழிலன் கத்தினார்.

ஒரு வலைகூடப் பறக்கவில்லை.

"இன்னாங்க நிக்கிறீங்க? போயிடுமுங்க அது!"

"இன்னைக்கு எப்படிப்பா வலை போடறது?" என்றார் தைலம்மாள். "மகத்தன்னிக்கு நாங்க கடல்ல வலை எறக்க மாட்டோம். சாமி குளிக்கிற தண்ணி."

"ஐயோ அத்த, இது போன்ல போடற வலை!" என்றேன் நான்.

"வலை வலைதான?"

சுற்றியிருந்த அத்தனை மீனவ ஜனமும் அதையேதான் நினைத்தது போலிருக்கிறது. யாரும் யாரையும் கலந்துகொள்ளவில்லை. தைலம்மாள் போனை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கும்பிட்டுவிட்டார். அப்படிக் கும்பிட்டால் கேமரா மூடிக்கொள்ளும், பூதம் தெரியாது. அது புரிந்து கையை விரித்துப் பார்ப்பதும் மறுபடி கும்பிடுவதுமாக இருந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும். பண்ருட்டி ஆட்கள்கூடக் கையை இறக்கிவிட்டார்கள். எழிலன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

எனக்கு அந்த வழக்கமெல்லாம் கிடையாது. எங்கள் குடும்பம் விவசாயம் பார்த்த குடும்பம். விரல் சரியான இடத்தில்தான் இருந்தது. பூதம் தலையைத் தூக்கியபடி நேராக என்னைத்தான் பார்த்தது, அல்லது அப்படி எனக்குத் தோன்றியது. ஒரு தள்ளு தள்ளினால் போதும், அவருடைய கறுப்புக் கட்டம் நிறைந்துவிடும். இதற்காகத்தானே வந்தேன்? ஆனால் அவ்வளவு பெரியதை அந்த ஆறு அங்குலத்துக்குள் திணித்து, பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏற எனக்குக் கை வரவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிவது அப்புறம்தான் தெரிந்தது.

சாமி மூன்று முழுக்குப் போட்டுக் கரையேறியது. அதற்குள் பூதத்தின் நேரம் முடிந்துவிட்டது. மறைந்துவிடும் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தபோது விளக்குகள் இன்னும் பிரகாசமாக எரிந்தன. திரையில் ஏதோ எழுத்து ஓடியது. எழிலன் அதைப் படித்துவிட்டு, இன்னொரு தடவை சத்தமாகப் படித்தார். எவரும் வலை வீசாததால் வாலூரா இந்த நீரையே தன் உறைவிடமாக ஏற்றுக்கொண்டது. இனி இது யார் வலையிலும் விழாது. வந்து பார்ப்பவர் எல்லாருக்கும் தெரியும்.

"இப்பிடி ஒண்ணு இருக்கறது யாருக்குமே தெரியாதுங்க" என்றார் எழிலன். "எந்த ஊருல வலை வீசாம இருந்திருக்காங்க, தெரியறதுக்கு?"

கரையே ஓவென்று கூவியது. எனக்கு மட்டும் பகீரென்றது. பூதம் கடலிலேயே தங்கிவிட்டது. கடலுக்கு வராதவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் அவர் நின்றிருந்தார்.

"புடிச்சியா?"

"இல்ல மாமா. வீசல."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். உட்கார வைத்துக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். எவ்வளவு பெரிசு, எந்தப் பக்கம் எழும்பியது, கண் என்ன நிறம். எனக்குத் தெரிந்த மட்டும் கையை விரித்து விரித்துக் காட்டினேன். சின்னம்மா கும்பிட்டதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு விளையாட்டின் வரைபடத்தைத் திறந்தார். தேவனாம்பட்டினத்துக்கு நேரே கடலில் ஒரு நீலப் புள்ளி மினுங்கியது.

"எப்பப் போனாலும் இருக்குமா?"

"இருக்குமாம்."

அதன்பின் அவர் புதிதாக எந்த ஜந்தையும் பிடிக்கவில்லை. அந்தப் புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொசுவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"கெளம்பு, போயிட்டு வந்துடலாம்."

எங்கே என்று கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுமோ என்று பயம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். சிப்காட் நாற்றம் மூக்கில் ஏறியதும் என் கையைப் பிடித்தவர், கடலூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து, சில்வர் பீச்சுக்கு வந்து சேரும்வரை விடவில்லை. அவர் உள்ளங்கை நனைந்திருந்தது.

மணலில் நின்று போனைத் தூக்கினார். வாலூரா இருந்தது. விளக்குகள் எரிய, முதுகுக் குளங்களில் மீன் துள்ள, எங்கும் போகாமல் இருந்தது. அவர் உதடு ஏதோ சொன்னது. என்னவென்று எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனை இறக்கினார். திரையில்லாமல் கடலைப் பார்த்தார்.

"இந்தா, நீ பாத்துக்கினு இரு" என்று போனை என் கையில் கொடுத்தார். "நான் காலு நனைச்சிட்டு வரேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். நான் போனைத் தூக்கிப் பிடித்தேன். திரையில் அவர் முழங்காலளவுத் தண்ணீரில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், இத்தனூண்டு ஆளாக. அவருக்கு எதிரே வாலூரா மெல்ல எழும்பி, தண்ணீர் வழியத் தலையைத் தூக்கியது. உறைவிடம் கொண்டதை எந்த வலையும் பிடிக்காது என்று எழிலன் படித்துக் காட்டியது ஞாபகம் இருந்தது. இருக்கட்டும். அது என் புருஷன் பக்கம் ஒரு அடி நகர்ந்தாலும் வீசிவிடுவது என்று வலைமேல் விரலை வைத்துக்கொண்டு, அவர் கரையேறும்வரை கண்கொட்டாமல் நின்றேன்.