கிளட்சுக்கு அடியில்

"கிளட்சை மிதிச்சா மேல் பாதி சரியாத்தான் இருக்கு தம்பி. கீழ போகப் போகத்தான் மணல்ல மிதிச்ச மாதிரி நறநறங்குது" என்றாள் முத்துச்செல்வி. "ஒரு வாரமா முதல் கியர் விழவே அடம் பிடிக்குது."

சிவகாசி சாலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த செழியன், அவள் கணவன் விக்னேஷ்குமாரை அண்ணன் என்றே கூப்பிட்டுப் பழகியவன். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய அந்த மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரை விக்னேஷ்குமார் பழசாக வாங்கி வந்த நாளிலிருந்து செழியன்தான் பார்த்துக்கொண்டான்.

"கிளட்சு மேல காலைப் போட்டுத் தூங்குவீகளோ மதினி? தட்டு தேஞ்சிருக்கும்."

"உங்க அண்ணன் ஓட்டக் கத்துக்குடுத்த லட்சணம் அப்படி."

சிரித்துக்கொண்டே பானெட்டைத் திறந்தான். ஆயில் குறையவில்லை. அடியில் படுத்துப் பார்த்தான், எங்கும் கசிவில்லை. "ஏறி உக்காந்து மிதிங்க" என்றான். அவள் மிதித்தாள். அவன் கதவோரம் குனிந்து மிதியையே பார்த்தான்.

"கிளட்சு மேல குத்தமில்ல. மிதி முழுசா எறங்கல. கீழ என்னமோ முட்டுது. கார்ப்பெட்டை உரிச்சுப் பாப்போம்."

ஓரத்தைப் பிடித்துத் தூக்கியவன் கை அப்படியே நின்றது. பிறகு, ஒட்டிய புண்ணிலிருந்து துணியை எடுப்பதுபோல, மெல்லக் கீழே விட்டான்.

"சுடலை, மிஷினை நிறுத்து" என்றான், பின்பக்கம் சைலன்சருக்குக் கிரைண்டர் பிடித்துக்கொண்டிருந்தவனிடம். பொறி பறப்பது நின்றது.

"மதினி, கிளட்ச்ல இருந்து காலை எடுங்க. தரையில ஊன்ற வேணாம். தூக்கி வெளிய வைங்க. இழுக்காதீக."

அவள் இறங்கிக் குனிந்து பார்த்தாள். கண்ணாடித்தாள் பொட்டலம் ஒன்று அப்பளம்போலத் தட்டையாகக் கிடந்தது. உள்ளே வெள்ளி கலந்த சாம்பல் நிறத் தூள். நடுவில் செருப்புக் குதியளவு அமுங்கியிருந்தது. இந்தப் பக்கம் பிறந்தவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பட்டாசுக்குள் அடைக்கிற மருந்து. உரசினால் போதும்.

செழியன் சுற்றிப்போய் மறுபக்கக் கார்ப்பெட்டை விரல் நுனியால் தூக்கினான். அங்கேயும் பொட்டலங்கள், பாய் விரித்ததுபோல. அவள் மகள் தினமும் பள்ளிக்குப் போகையில் கால் வைத்து ஆட்டிக்கொண்டு வருகிற இடம் அது.

முத்துச்செல்வி செருப்புகளைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

ஆவணியில், வெம்பக்கோட்டை அணைக்கு அப்பால் உரிமம் இல்லாத தகரக் கொட்டகை ஒன்று வெடித்தது. உள்ளே வேலை பார்த்த பெண்களோடு அதன் முதலாளி விக்னேஷ்குமாரும் செத்துப்போனான். மருந்தைக் கள்ளத்தனமாகக் கொண்டுவந்தது போர்மேன் பலவேசம், அதைத் தடுக்கப்போன இடத்தில் என் மகன் செத்தான் என்று மாமனார் ராக்கப்பன் போலீசில் சொன்னார். தண்ணீர் குடிக்க வெளியே வந்து பிழைத்த பலவேசம் இன்னும் ஜெயிலில் இருக்கிறான். முதலாளிதான் காரில் கொண்டுவந்தார் என்று அவன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அவளும்தான்.

"போலீசுக்காரக லோடு ஆட்டோவைத்தான மறிச்சு சோதிப்பாக" என்றான் செழியன், தனக்குத்தானே. "இந்தக் காரை எவன் மறிப்பான்."

அவளருகே வந்தான். "மதினி, நான் எடுத்து எங்கனயாச்சும் காட்டுப் பக்கம் அழிச்சிருதேன். நீங்க பாக்கல, நானும் பாக்கல. அண்ணன் பேரு அப்படியே இருக்கட்டும்."

"பலவேசம்?"

அவள் கையிலிருந்த போன் அடித்தது. மாமனார்.

"என்னத்தா, கிளட்சு சரியாயிருச்சா? என்ன கோளாறாம்?"

"கிளட்சு நல்லாத்தான் இருக்கு மாமா. கார்ப்பெட்டுக்கு அடியில மருந்து இருக்கு."

என்ன மருந்து என்று அவர் கேட்கவில்லை.

"அன்னைக்கே வண்டியில இருந்து எல்லாத்தையும் எடுத்தாச்சுன்னு சொன்னானுகளே" என்றார்.

வெடித்த அன்று சாலையோரம் நின்ற காரை, போலீஸ் வருவதற்குள் வீட்டுக்குக் கொண்டுவரச் செய்தவர் அவர். 'சும்மா நிக்கிற வண்டிதானத்தா, பிள்ளையைக் கூட்டிட்டுப் போ' என்று சாவியை எடுத்துக் கையில் கொடுத்தவரும் அவர்தான்.

"அங்கனயே இரு. நான் ஆள் அனுப்புதேன். யாரையும் கூப்பிட்றாத. ஏத்தா, கேக்குதா?"

"கேக்குது மாமா."

போனை வைத்தாள். செழியன் அதற்குள் சுடலையை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் அனுப்பிவிட்டு, மெயின் ஸ்விட்சை இறக்கியிருந்தான்.

"மாமா என்ன சொல்லுதாக?"

"ஆள் வருதாம். அவுக வர்றதுக்குள்ள போலீஸ் வந்தாகணும்" என்றாள். "கார்ப்பெட்டை மூட வேணாம் தம்பி. அப்படியே இருக்கட்டும்."

போனை அவனிடம் நீட்டி ஸ்டேஷன் எண்ணை அழுத்தச் சொன்னாள். மறுமுனையில் எடுத்ததும் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"ஸ்டேஷனா? என் பேரு முத்துச்செல்வி. வெம்பக்கோட்டை கொட்டகையில செத்துப்போன விக்னேஷ்குமாரோட சம்சாரம். மருந்தைக் கொண்டுபோனது பலவேசம் இல்ல சார்."