அறுவடைக்கு நடந்து வந்த செருப்புகள்

அறுவடை தொடங்கிய மூன்றாம் நாள் காலை, தலைமையாசிரியரின் செருப்புகள் பள்ளிக்கூட வாசலில் சட்டென்று திரும்பி, அவரையும் இழுத்துக்கொண்டு, நான்கு மைல் தள்ளியிருந்த ஒயின் ஆலைக்கு நடந்து போயின. கழற்றி எறிந்திருக்கலாம். ஆனால் பிள்ளைகள் முன்னால் வெறுங்காலோடு நிற்பதைவிட நடந்து தொலைப்பது மேல் என்று அவருக்குத் தோன்றியது. அவர் போய்ச் சேர்ந்தபோது தபால்காரர், பல் டாக்டர், பல் டாக்டரின் மாமியார் உட்படப் பதினேழு பேர் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார்கள். ஆளில்லாமலும் ஒரு ஜோடி நின்றிருந்தது. அது அப்போது குளித்துக்கொண்டிருந்த வங்கி மேலாளருடையது. எல்லாம் ஒரே கருஞ்சிவப்பு நிறம். எல்லாம் ஆலையின் பழைய கொட்டகையில் செருப்பு தைக்கும் சக்கைக்காரர் செய்தவை.

"என்னய்யா இது? செருப்பு செஞ்சு குடுத்தியா, சம்மன் அனுப்புனியா?" என்று தலைமையாசிரியர் மூச்சிரைக்கக் கேட்டார்.

"தோலு பொறந்த எடத்தப் பாக்க வருது சார். நான் என்ன பண்றது?" என்றார் சக்கைக்காரர். அவருக்கும் அது அன்றுதான் தெரியும்.

சக்கைக்காரர் முன்பு அந்த ஆலையில் திராட்சை பிழியும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர். அறுவடைக் காலமான ஆறு வாரமும் இயந்திரத்தை விட்டு அந்தண்டை இந்தண்டை நகர முடியாது. அப்படியோர் அறுவடையில் அவருடைய மனைவி பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். "நாளைக்கு வந்துடறேன்" என்று மூன்று நாளும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொன்னார். நான்காம் நாள் போனபோது கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தார்கள். அவர்களுடைய ஒரே மகள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தாள். முழங்கை வரை ஊதா. "கையக் கழுவக்கூட நேரமில்லையாப்பா?" என்று கேட்டாள். பிறகு கடலோர நகரம் ஒன்றில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

அவர் இயந்திர வேலையை விட்டுவிட்டார். வீட்டில் சமைத்ததை அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டார். மேசையில் உட்கார்ந்தால் எதிர் நாற்காலிகள் இரண்டும் கண்ணில் படும். அந்தக் காலத்தில் ஆலைக்காரர்கள் பிழிந்த சக்கையை லாரி லாரியாக ஓடைக்கரையில் கொட்டிவந்தார்கள். புளித்த வாடை தெருவரை வீசியது, ஈ மொய்த்தது, ஓடையில் மீன்கள் செத்து மிதந்தன. ஊரே கூடிச் சத்தம் போட்டதும் முதலாளி கையைப் பிசைந்தார். சக்கையை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று இவர் போய் நின்றார். "தாராளமா எடுத்துக்குங்க. ஓடைல மட்டும் கொட்டாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று முதலாளி பழைய பீப்பாய்க் கொட்டகையைத் திறந்துவிட்டார்.

காம்புகளை மக்கவைத்து உரமாக்கினார். விதைகளைச் சலித்தெடுத்து எண்ணெய் ஆட்டி, அதில் பாதியைச் சோப்புக்காரருக்குக் கொடுத்தார். மிஞ்சியது திராட்சைத் தோல். அதைக் காயவைத்து, பொடித்து, மீதி விதை எண்ணெயும் மரப்பிசினும் சேர்த்துக் காய்ச்சி, முரட்டுத் துணிமேல் பரப்பி உருளையில் அழுத்தினார். முதலாண்டு வந்த தோல் வறண்ட குளத்துத் தரைபோல வெடித்தது. இரண்டாம் ஆண்டு வந்தது வெயில் பட்டதும் ஒழுகியது. வீட்டில் வேறு யாராவது இருந்திருந்தால், போதும் விடுங்கள் என்று தடுத்திருப்பார்கள். தடுக்க ஆளில்லாததால் மூன்றாம் ஆண்டு நல்ல தோல் வந்தது. மெத்தென்று, ஆட்டுத்தோலுக்குச் சளைக்காமல் இருந்தது. அதில் செருப்பு தைத்தார். ஊரில் பாதிப்பேர் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

அடுத்து வந்த அறுவடையில்தான் செருப்புகள் முதன்முதலாகத் திரும்பி வந்தன. புதுச் சக்கைக் குவியலருகே ஒரு மணி நேரம் நின்றால் போதும், பிறகு சொன்னபடி கேட்டன. முதலாண்டு திட்டியவர்கள் மறு ஆண்டு சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தார்கள். பல் டாக்டர் மாமியாருக்கு மடக்கு நாற்காலி எடுத்துவந்தார். அந்த ஒரு மணி நேரமும் கொட்டகையில் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். சக்கைக்காரர் ஒவ்வொருவர் காலருகிலும் குனிந்து வார் தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு எல்லாரும் போய்விடுவார்கள். அவர் பெருக்கிய இடத்தையே திரும்பவும் பெருக்குவார்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. மனைவியின் தங்கையிடம் மகளின் விலாசம் கேட்டார். "அவளுக்குக் கல்யாணம் ஆயி ரெண்டு வருஷம் ஆச்சே மாமா, உங்களுக்குச் சொல்லலையா?" என்றாள் அவள். "சொன்னா சொன்னா, எனக்குத்தான் மறந்துபோச்சு" என்றார். மகளின் கால் அளவு அவருக்குத் தெரியாது. ஆனால் வெளியே கிளம்பும் அவசரத்தில் அவள் எப்போதும் அம்மாவின் செருப்பைத்தான் மாட்டிக்கொண்டு ஓடுவாள். அந்த அளவில் ஒரு ஜோடி தைத்து, செருப்புகளின் குணத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் பார்சலில் அனுப்பினார்.

அறுவடை வந்தது. எல்லாரும் வந்து போனார்கள். அவர் மட்டும் பாதையைப் பார்த்தபடி இருந்தார். அதிலிருந்து ஆறாம் நாள் மத்தியானம் அந்தச் செருப்புகள் வந்தன. அடி தேய்ந்து, வாரில் முள் குத்தி, தூசி படிந்து. காலில்லை. அவர் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஆலைக் காவலாளி வந்து, வாரில் குத்தியிருந்த முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனார்.

பிறகு புது அடி வைத்துத் தைத்தார். கூடவே வாழ்க்கையில் முதன்முறையாக மகளுக்குக் கடிதம் எழுதினார். 'இது உன்ன இங்க இழுத்துட்டு வரும்னு தெரிஞ்சேதான் அனுப்பினேன். கேக்காம செஞ்சது தப்பு. அன்னைக்கு வராததும் தப்பு. நீ கழட்டி விட்டதுதான் சரி.' செருப்புகளையும் கடிதத்தையும் ஒன்றாக அனுப்பினார்.

மறு அறுவடையிலும் அவை தனியாகத்தான் வந்தன. தைத்து அனுப்பினார். அதற்கடுத்த ஆண்டு இடது செருப்பின் வாரில் ஒரு காகிதம் செருகியிருந்தது. 'அம்மா கடைசி மூணு நாளும் கண்ணே தொறக்கலப்பா. உங்களத் தேடல. இது உங்களுக்குத் தெரியணும்.' அதை ஆறுதல் என்று எடுத்துக்கொள்வதா என்று அவருக்குப் புரியவில்லை. அன்று அடுப்பு பற்றவைக்கவில்லை. ஆனால் மறுநாள் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு போய் மேசையில் உட்கார்ந்தார்.

இரண்டு அறுவடைகள் செருப்புகள் வெறுமனே வந்தன. மூன்றாவதில் வலது வாரில் காகிதம் இருந்தது. எழுத்து ஓரமாக இரண்டு மூன்று வரிதான். மீதி இடமெல்லாம் பென்சிலால் வரைந்த பாதம். அவருடைய உள்ளங்கையைவிடச் சின்னது. சுண்டுவிரல் பக்கம் கோடு கோணலாக ஓடியிருந்தது, வரையும்போது கூசிச் சிரித்துக் காலை இழுத்திருக்க வேண்டும். 'வேற தோல் வேண்டாம்ப்பா. அதே தோல்லயே தச்சு அனுப்புங்க. என்னோடதும் தேஞ்சிடுச்சு, பாத்து செஞ்சு குடுங்க.'

பெரியதும் சின்னதுமாகத் தைத்தார்; அதற்கு அந்த ஆண்டுத் தோலில் ஒரு முழம்கூடச் செலவாகவில்லை. இரண்டு ஜோடிகளையும் அனுப்பிவைத்தார். அடுத்த அறுவடைக்கு முந்தின நாள் காவலாளியிடம் போய், "இந்த வருஷம் சின்னதா ஒரு ஜோடி வரும். கேட்டைச் சாத்திடாதீங்க" என்றார்.

"தனியாவா, ஆளோடயா?" என்று காவலாளி கேட்டார்.

"ஆளோடதான். ரெண்டு பேரு."

"ஆறு நாள் நடையாச்சே. சின்னக் காலு பாவம், கூட ஒரு நாள் ஆகும்" என்று சொல்லிவிட்டு, காவலாளி கேட்டின் கீல்களுக்கு விதை எண்ணெய் விட்டார்.