கொத்தனாரின் கண்

கொத்தனார் சாரத்தில் நின்றபடியே தள்ளாடி, பக்கத்து மூங்கிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான், மெல்லுகிற வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது. "பழைய பழக்கம் திரும்பிடுச்சு, டாக்டர் சீட்டோட வா" என்று சொல்லி மேஸ்திரி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

கொத்தனார் குடியை விட்டு ஆறு வருஷம். மனைவி தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணி விட்டது. "சும்மா நின்னாலே தரை சுத்துது" என்றார். நம்பினாள். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு முள். நாலு பேர் நாலு விதமாகப் பேசினால் அவள்தான் என்ன செய்வாள், பாவம்!

காது டாக்டரம்மா அவரை நாற்காலியில் உட்காரவைத்தார். "உள்காதுல பேலன்ஸ் கெட்டிருந்தா கண்ணு காட்டிக்கொடுத்துடும். தானா வெட்டி வெட்டி இழுக்கும். இந்தப் பக்கம் பாருங்க."

பார்த்தார். கண் அசையவே இல்லை. மறுபக்கமும் அதே கதை.

"ஒண்ணும் தெரியலையே" என்று டாக்டரம்மா பேனாவை மூடினார்.

அப்படியானால் சத்தியமெல்லாம் காற்றோடு போச்சா? கோபமாகத் திரும்பிய மனைவி அவர் பார்வையைக் கவனித்தாள். அட, இது சுவர் நேரா இருக்கான்னு தூக்குக்குண்டு நூலைப் பார்க்கிற பார்வையாச்சே!

"டாக்டர், இவர் அந்தச் சுவத்து ஆணியையே உத்துப் பார்க்கிறாரு!"

"ஆமா" என்று அசடு வழிந்தார் கொத்தனார். "எதையாவது உத்துப் பார்த்தா சுத்தல் கொஞ்சம் அடங்குது. டாக்டர் முன்னாடி தள்ளாடினா மரியாதையா இருக்குமா?"

"நோயைக் காட்ட வந்த இடத்துல ஒளிச்சு வைக்கிறீங்களே, சாமர்த்தியசாலி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே தடித்த கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டார். அதைப் போட்டால் எதுவும் தெளிவாகத் தெரியாது, உற்றுப் பார்க்க ஆணியும் கிடைக்காது. வெளியிலிருந்து பார்த்தால் கண் இரண்டும் எலுமிச்சம்பழம் மாதிரி பெரிசு. மெல்ல இடப்பக்கம் நழுவின, வெடுக்கென்று வலப்பக்கம் இழுத்தன. மறுபடி நழுவின, மறுபடி இழுத்தன.

"உள்காதுக் கோளாறுதான். மாத்திரையும் பயிற்சியும் தரேன், சரியாயிடும். மேஸ்திரிக்குச் சீட்டும் எழுதிடறேன்."

அப்பாடா! புருஷனுக்கு நோய் என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட பொண்டாட்டி உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

படி இறங்கும்போது அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மனசு கேட்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்க. நேத்து மத்தியானம் நீங்க தூங்கறப்ப வாயை மோந்து பார்த்தேன்."

"தெரியும். நீ குனியறது தெரிஞ்சுதான் நல்லா வாயைத் திறந்து குறட்டை விட்டேன்."